பச்சைக் குழந்தைக்கு அன்றைக்கே ஊசியா?

உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ முழுகாமல் இருக்கிறாளா? அவளுடைய ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். இரத்தப் பரிசோதனைகளுக்கு நடுவே 'ஹெபடைடிஸ் பி' என்று ஒரு வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் டாக்டரம்மாவிடம் கேளுங்கள்.

காமாலை என்றால் கண் மஞ்சளிக்கும், சோறு பிடிக்காது என்று நமக்குத் தெரியும். இந்தப் பி ரகக் கிருமியோ பலரிடம் எந்த அடையாளமும் காட்டுவதில்லை. புதுவையை அடுத்த சுத்துக்கேணியில் காலையெல்லாம் நாற்று நட்டு, மாலையில் தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண்ணின் இரத்தத்திலும் அது வருஷக்கணக்காகக் குடியிருக்கலாம். பிரசவத்துக்காக வில்லியனூருக்கோ கோரிமேட்டு ஜிப்மருக்கோ போய் இரத்தம் கொடுத்தால்தான் சங்கதி வெளியாகும்.

எத்தனை பேருக்கு இருக்கிறது? இந்தியாவில் சோதித்த பல இடங்களில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவர்; சில இடங்களில் இரண்டு மூன்று பேர். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2022-ல் நம் தேசத்தில் இந்தக் கிருமியோடு இருந்தவர்கள் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேர்!

சீட்டில் 'பாசிடிவ்' என்று வந்துவிட்டால் சில வீடுகளில் நடக்கும் கூத்தைச் சொல்லி மாளாது. தட்டும் தம்ளரும் தனியாகிவிடும். "இதை எங்கேயிருந்து கொண்டு வந்தாள்?" என்று மாமியார் ஜாடையாகக் கேட்பாள். பாவம், அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்!

தாம்பத்திய உறவாலும், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவதாலும் இது பரவும் என்பது வாஸ்தவம். ஆனால் வயது வந்தவர்களைத் தொற்றினால் 100-ல் 95 பேருக்குத் தானாகவே நீங்கிவிடுகிறது. பிறக்கும்போது தொற்றினாலோ 10-ல் 9 குழந்தைகளிடம் நிலைத்துவிடுகிறது. பிற்காலத்தில் ஈரல் சுருங்கவும் புற்று வரவும் இடமுண்டு. ஆகவே இன்று குற்றவாளிக் கூண்டில் நிற்கும் மருமகள், தான் பிறந்த அன்றே தன் தாயாரிடமிருந்து அதைப் பெற்றிருக்கக் கூடும். அந்த அம்மாளுக்கும் தெரிந்திராது. தட்டு, தம்ளரால் இது பரவவே பரவாது. தாய்ப்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம்.

கீழாநெல்லி இருக்கிறதே என்பீர்கள். 1988-ல் சென்னைச் சர்வகலாசாலை டாக்டர் எஸ். பி. தியாகராஜன், இந்தக் கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ப்ளம்பர்க் முதலானோருடன் சேர்ந்து 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதினார்: கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்ததாம். பிற தேசத்தார் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நம்பிய பச்சிலை, எனக்கும் வருத்தந்தான்.

பலன் தருவது ஊசி. "பச்சை உடம்பு, நாலு நாள் போகட்டும்" என்று பாட்டி தடுப்பாள், விட்டுக் கொடுக்காதீர்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டாக வேண்டும். தாய்க்குக் கிருமி இருந்தால் கூடவே இம்யூனோகுளோபுலின் என்ற இன்னோர் ஊசியும் உண்டு. பிறகு 6, 10, 14-வது வாரங்களில் போடும் ஊசிகளிலும் இந்த மருந்து சேர்ந்தே வருகிறது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. தாயின் இரத்தத்தில் கிருமி மிகுதியானால், ஏழாம் மாத வாக்கிலேயே டாக்டர் டெனோஃபோவிர் மாத்திரை கொடுப்பார். ஒன்றும் செய்யாமல் விட்டால், அத்தகைய தாய்மாரின் குழந்தைகளில் 10-க்கு 7 முதல் 9 வரை தொற்றிவிடும்.

கணவரையும் மூத்த குழந்தைகளையும் கூட ஒரு தரம் இரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு இல்லையென்று வந்தால், முன்பே போட்டுக்கொள்ளாதவர்களுக்கும் அதே ஊசிதான், மூன்று தடவை.