மலைச் சரிவில் மருந்தடிக்கும் டிரோன்: உயரத்தை எப்படி அறிகிறது?

கல்யாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் படம் எடுக்கும் சிறிய டிரோனைப் பார்க்காதவர்கள் இன்று குறைவு. ஆள் உயரத்திற்கு எழும்பியதும், ஆணி அடித்து மாட்டியது போல அந்தரத்தில் நின்றுவிடுகிறது. இயக்குபவர் விசையிலிருந்து கையை எடுத்தாலும் ஏறுவதில்லை, இறங்குவதில்லை. பயிருக்கு மருந்தடிக்கும் பெரிய டிரோனும் இதே திறமையை நம்பித்தான் பறக்கிறது. சமவெளியின் நெல் வயல்களில் அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை. கொல்லிமலையில், வளப்பூர் நாட்டைப் போல ஒரு ஏக்கர் நிலமே பல படிகளாக இறங்கும் இடத்தில் நிலைமை வேறு.

காரணம் எளிது. டிரோனுக்கு "உயரம்" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்பது ஒன்று. இப்போது அதற்கு நேர் கீழே உள்ள பயிரிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்பது மற்றொன்று. சமவெளியில் இரண்டும் ஒன்றே. சரிவில் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. 10 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சாதாரணச் சரிவை எடுத்துக்கொண்டால், 30 மீட்டர் நீளத்தில் நிலம் 3 மீட்டர் உயர்ந்துவிடும். கீழ் வரப்பில் 3 மீட்டர் உயரத்தில் கிளம்பி, கிளம்பிய இடத்துக் கணக்கையே பிடித்துக்கொண்டு போகும் டிரோன் மேல் வரப்பில் மண்ணில் மோதும். மேலிருந்து கீழே விட்டால் அதே டிரோன் பயிருக்கு 6 மீட்டர் மேலே நின்று மருந்தைக் காற்றில் தூவும்.

காற்றை நிறுத்துப் பார்க்கும் கருவி

பெரும்பாலான டிரோன்களில் உயரம் காட்டும் முதல் கருவி காற்றழுத்தமானி. அரிசி மணி அளவே உள்ள சில்லு அது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது என்பதே அதன் அடிப்படை. கடல் மட்டத்தையொட்டிய ஊர்களில் ஏறக்குறைய எட்டரை மீட்டர் ஏறினால் 1 மில்லிபார் குறையும். ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள கொல்லிமலையில் காற்று லேசானது. அங்கே 1 மில்லிபார் குறைய சுமார் ஒன்பதரை மீட்டர் ஏற வேண்டும். டிரோனில் உள்ள சில்லு, ஒரு சாண் உயர வித்தியாசத்தைக்கூடப் பிரித்தறியும் அளவுக்கு நுட்பமானது. வியப்புக்குரியதுதான். ஆனால் அதன் நுட்பமே சில நேரம் அதற்கு எதிரியாகிறது.

நாள்தோறும் காலை பத்து மணி அளவில் காற்றழுத்தம் உச்சத்தில் இருந்து, மாலை நான்கு மணி வரை சுமார் 3 மில்லிபார் இறங்குவது நம் பகுதிகளில் வழக்கம். மழை இல்லாத நாளிலும் இது நடக்கும். அந்த நேரத்தில் இருபது நிமிடம் பறக்கும் டிரோனுக்கு, தான் நகராமலே ஒன்றரை மீட்டர் ஏறிவிட்டது போலத் தோன்றும். அதைச் சரிசெய்வதாக எண்ணி அது இறங்கிவிடும். நூறு மீட்டர் உயரத்தில் படம் எடுப்பவருக்கு இது பொருட்டல்ல. பயிருக்கு இரண்டு மீட்டர் மேலே பறப்பவருக்கு அதுவே முழுக் கணக்கு.

காற்றும் அதை ஏமாற்றும். வேகமாக முன்னோக்கிப் போகும்போது டிரோனின் உடலைச் சுற்றி அழுத்தம் மாறுவதால் கருவி தவறாகப் படிக்கும். அதனால்தான் அந்தச் சில்லின் மேல் ஒரு சிறு நுரைப்பஞ்சை ஒட்டி வைக்கிறார்கள். தரையைத் தொடும் நேரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. இறக்கைகள் கீழே தள்ளும் காற்று தரையில் பட்டுத் திரும்பி, டிரோனுக்கு அடியில் மெத்தை போலத் தேங்குகிறது. அழுத்தம் கூடுவதால் "நான் தரைக்குள்ளேயே போய்விட்டேன்" என்று கருவி காட்டும்; அதே நேரம் அந்த மெத்தை டிரோனைத் தூக்கியும் கொடுக்கும். இறங்கும் டிரோன் கடைசி முழம் உயரத்தில் துள்ளித் தத்தளிப்பதற்கு இதுவே காரணம். இயக்குபவரின் கை நடுக்கம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஜி.பி.எஸ். இருக்கிறதே என்று கேட்கலாம். சாதாரண ஜி.பி.எஸ். கிழக்கு மேற்கைச் சொல்வதைவிட உயரத்தைச் சொல்வதில் மோசமானது. பல மீட்டர் பிழை வரும். நிலையத்திலிருந்து திருத்தம் பெறும் ஜி.பி.எஸ். அங்குலக் கணக்கில் சொல்லும். ஆனால் அதுவும் டிரோனின் உயரத்தைச் சொல்லுமே தவிர, கீழே உள்ள நிலத்தின் உயரத்தை யார் சொல்வது? செயற்கைக்கோள் வரைபடம் உதவாதா என்றால், 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் எண்டெவர் விண்கலம் ரேடார் கொண்டு அளந்த உலக நில உயர வரைபடம் எல்லோருக்கும் கிடைக்கிறது. அதில் 30 மீட்டருக்கு 30 மீட்டர் சதுரத்துக்கு ஒரே ஓர் எண்தான். அது ஏறக்குறைய 22 சென்ட். மலை விவசாயியின் நிலத்தில் 22 சென்டுக்குள் எத்தனை படி இருக்கும் என்பதை அவரே எண்ணிக்கொள்ளட்டும்.

கீழே பார்க்கும் கண்கள்

ஆகவே தரைக்கு அருகே பறக்கும் டிரோன் கீழே பார்த்தே ஆக வேண்டும். படம் எடுக்கும் சிறு டிரோன்களின் வயிற்றில் உள்ள இரண்டு வட்டத் துளைகள் பெரும்பாலும் மீயொலிக் கருவி. வௌவாலைப் போல நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும். சிமென்ட் தளத்தின் மேல் நன்றாக வேலை செய்யும். அடர்ந்த புல்லும் பயிரும் ஒலியை விழுங்கிவிடும். சில மீட்டருக்கு மேல் எட்டவும் எட்டாது. சிலவற்றில் ஒலிக்குப் பதில் ஒளி. அது கடும் வெயிலில் தடுமாறும். இலைகளின் இடைவெளி வழியே ஒரு கணம் மண்ணைத் தொடும், மறு கணம் இலையைத் தொடும்.

மற்றொரு கருவி கீழ்நோக்கிய கேமரா. தரையில் உள்ள புள்ளிகள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்று பார்த்து, டிரோன் தன்னை ஓரிடத்தில் நிறுத்திக்கொள்ள இது உதவும். தேனீயும் இப்படித்தான் செய்கிறது. கீழே தரை ஓடும் வேகத்தைக் கண்ணால் பார்த்தே அது தன் உயரத்தையும் வேகத்தையும் சரிசெய்கிறது. 1963-இல் ஹெரான், லிண்டாவர் என்ற இரு ஆய்வாளர்கள், ஏரியைக் கடக்கப் பழக்கிய தேனீக்களைக் கவனித்தார்கள். நீரில் சிற்றலை இருந்தபோது தேனீக்கள் கடந்தன. நீர் கண்ணாடி போல அசைவற்று இருந்தபோது உயரம் இழந்து நீரில் விழுந்தன. நாற்று நட்டுச் சில நாளே ஆன, நீர் நிற்கும் வயலின் மேல் டிரோனுக்கும் இதே ஆபத்து உண்டு. பற்றிக்கொள்ள அடையாளம் இல்லாவிட்டால் கேமராவுக்குக் கண் இருந்தும் பயனில்லை. செவ்வாய்க் கோளில் பறந்த இன்ஜெனுவிட்டி என்ற சிறு ஹெலிகாப்டர், 2024 ஜனவரியில் அடையாளமற்ற மணல் பரப்பின் மேல் வழி தவறி இறக்கை ஒடிந்து நின்றது.

மருந்தடிக்கும் டிரோன்களில் நல்லவை ரேடார் கொண்டு பயிர்ப் பரப்பை அளக்கின்றன. தூசியும் மருந்துச் சாரலும் ரேடாரை அதிகம் பாதிப்பதில்லை. தனித்தனி இலையைப் பார்க்காமல் பயிரின் மேற்பரப்பைச் சராசரியாகப் பார்க்கும். சரிவுக்கு ஏற்பத் தானே ஏறி இறங்கும் இந்த வசதியை "நிலம் தொடரும் பறத்தல்" எனலாம். மலை விவசாயி வாடகைக்கு எடுக்கும் டிரோனில் இது இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

இருந்தாலும் மூன்று இடங்களில் ரேடாரும் சறுக்கும். நேர் கீழே மட்டும் பார்க்கும் ரேடாருக்கு, எதிரே ஒன்றரை மீட்டர் உயரக் கல் வரப்பு வருவது அதன் மேலே போன பிறகுதான் தெரியும். நிலத்தின் ஓரத்துப் பலா மரத்தின் தலையைத் தரை என்று எண்ணித் திடீரென எழும்பும். காப்பிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிக்கும் மேலிருந்து டிரோனில் மருந்தடிப்பது பொருந்தாத வேலை. அங்கே கைத்தெளிப்பானே மேல். சாமைக்கும் தினைக்கும் டிரோன் கொண்டு மருந்தடிக்கும் அவசியமே பெரும்பாலும் எழாது. பள்ளத்து நெல்லும் சரிவில் உள்ள மரவள்ளியும்தான் இதற்கு இடம் தரும்.

அரை ஆள் உயரம் தவறினால்

கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் நீரில் கலந்து அடிக்கும் மருந்தை டிரோன் ஏறக்குறைய 10 லிட்டரில் அடிக்கிறது. ஒவ்வொரு துளியும் காரமானது. பயிருக்கு மேல் ஒன்றரை முதல் மூன்று மீட்டருக்குள் பறந்தால், இறக்கைக் காற்றே இலைகளைப் புரட்டி, துளிகளை அடிப்பக்கம் வரை தள்ளும். அதற்கும் கீழே போனால் மருந்து விழும் அகலம் சுருங்கி, அடித்த பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவே பயிர் விடுபடும். கதிர் வந்த நெல் சாயவும் கூடும். மேலே போனால் மலைக்காற்று துளிகளை அடித்துச் செல்லும்.

அது எங்கே செல்லும் என்பதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். அறப்பளீஸ்வரர் கோயிலையொட்டி ஓடி ஆகாய கங்கையாக விழும் ஐயாற்றுக்கு நீர் கொடுப்பவை இந்த மலை வயல்களின் ஓடைகளே. மரவள்ளி விஷயத்தில் இன்னொரு இழப்பும் உண்டு. 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டுத் தமிழகத்திற்கும் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சியை ஒடுக்க, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசி என்ற சிறு குளவி கொண்டுவரப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது. காற்றில் பறந்த மருந்து நுனிக்குருத்தில் ஒளிந்துள்ள மாவுப்பூச்சியை விட்டுவிட்டு, அதைத் தின்ன வந்த குளவியைக் கொன்றால் செலவும் போச்சு, காவலும் போச்சு.

வாடகைக்கு எடுக்கும்போது

சிறு விவசாயி டிரோன் வாங்க வேண்டியதில்லை. வாடகை மையங்கள் டிரோன் வாங்க 40 சதவீதம், அதிகபட்சம் 4 லட்சம் ரூபாய் மானியம் என்று மத்திய அரசு 2022 ஜனவரியில் அறிவித்ததே இதற்காகத்தான். மருந்தடிக்கும் டிரோனை இயக்குபவர் 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வரும் டிரோனுக்கு மலைக்காற்று பத்தில் ஒரு பங்கு லேசாக இருக்கும். இறக்கை கூடுதல் வேகத்தில் சுழன்றாக வேண்டும். பேட்டரி சீக்கிரம் தீரும். தொட்டியை முழுக்க நிரப்பாமல் இரண்டு லிட்டர் குறைத்து நிரப்புவது நல்லது. கிளப்புவதற்குச் சமமான களத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தார்ப்பாய் விரித்தால் நான்கு மூலையிலும் கல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் டிரோனுக்கு முன்னால் தார்ப்பாய் பறக்கும்.

பறக்கும் திசைதான் எல்லாவற்றிலும் முக்கியம். சரிவில் மேலும் கீழுமாக ஓட்டாமல், வரப்புக்கு இணையாக, ஏர் ஓட்டுவது போலக் குறுக்கே ஓட்டச் சொல்ல வேண்டும். ஒரு படி முடிந்த பிறகே அடுத்த படி. அப்படிச் செய்தால் ரேடார் இல்லாத டிரோன்கூட ஒவ்வொரு படியிலும் உயரத்தைப் புதிதாக அமைத்துக்கொண்டு ஓரளவு ஒழுங்காகப் பறக்கும். காற்று எழும்புவதற்கு முன், பனிமூட்டம் விலகிய பிறகு கிடைக்கும் காலை நேரமே ஏற்றது. ஓடைக்கு அருகே உள்ள படியை டிரோனுக்கு விடாமல் கையால் அடித்துக்கொள்ள வேண்டும்.

மருந்து கலப்பதற்கு முன் வெறும் நீரில் ஒரு முறை ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம். தொட்டி நீரில் சிறிது சொட்டு நீலம் கலந்து, மேல் படி, நடுப்படி, கீழ்ப்படி என்று மூன்று இடத்தில் வெள்ளைத் தாளைக் குச்சியில் செருகிப் பயிர் உயரத்தில் நிறுத்த வேண்டும். மூன்று தாளிலும் நீலப் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நெருக்கமாக விழுந்திருந்தால் மருந்தை ஊற்றலாம். கீழ்ப்படித் தாளில் மட்டும் புள்ளி குறைந்திருந்தால், திரையில் என்ன எண் காட்டினாலும் டிரோன் அங்கே உயரத்தில் பறந்திருக்கிறது என்று பொருள். அந்தப் படிக்கு உயரத்தைக் குறைத்து, தாளை மாற்றி, மறுபடியும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.