மக்கும் நெகிழிகளின் மூலக்கூறு அமைப்பும் வெப்பப் பண்பும்: மதுரைச் சமவெளியை முன்வைத்து

திறவுச்சொற்கள்: மக்கும் நெகிழி, பாலிலாக்டிக் அமிலம், எஸ்டர் பிணைப்பு, கண்ணாடி நிலைமாற்றம், நீராற்பகுப்பு

நெகிழியின் வெப்பப் பண்பை மதுரை நன்கறியும். தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியரும் 2018இல் பத்மஸ்ரீ பெற்றவருமான இரா. வாசுதேவன் உருவாக்கிய சாலைமுறையில், சுமார் 170 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றிய கருங்கல் சல்லியின்மேல் நெகிழித் துணுக்குகள் தூவப்படுகின்றன. அவை உருகிப் படலமாகப் படிந்த பின்னரே தார் சேர்க்கப்படுகிறது. பாலிஎத்திலீன் அவ்வெப்பத்தில் இளகுமேயன்றிச் சிதையாது. அதன் சங்கிலி முழுவதும் கார்பன்-கார்பன் பிணைப்புகளால் ஆனமையே காரணம். வயல்வரப்பில் கிடக்கும் பை மக்காமைக்கும் காரணம் அதுவே.

தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் பல தடை செய்யப்பட்டன. அவற்றுக்கு மாற்றாகக் கருதப்படும் மக்கும் நெகிழிகள் பெரும்பாலும் பாலிஎஸ்டர்களாகும். சங்கிலியில் இடையிடையே அமைந்த எஸ்டர் பிணைப்பை நீர் தாக்கி அறுக்க இயலும். ஆயின் நீர் உட்புகுவதற்குச் சங்கிலிகள் அசைய வேண்டும். அசைவை வெப்பநிலை தீர்மானிக்கிறது.

பாலிலாக்டிக் அமிலம் இதற்குத் தக்க சான்று. இதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை 55 முதல் 60 டிகிரி. அதற்குக் கீழே சங்கிலிகள் உறைந்து பொருள் விறைப்பாக இருக்கும். மேலே, படிகமாகாத பகுதிகள் இளகிவிடும். உருகுநிலை 170 டிகிரியை ஒட்டியதாயினும், விரைந்து குளிர்வித்து வார்த்த குவளையில் படிகப் பகுதி மிகக் குறைவு. எனவே கொதிக்கும் சாம்பாரையோ தேநீரையோ ஊற்றினால் அது வளைந்து உருக்குலைகிறது. உருகுநிலையை மட்டும் அச்சிடும் விளம்பரத் தாள்கள் இவ்விடத்தில் தவறான எண்ணத்தையே தருகின்றன.

படிகத்தன்மையைக் கூட்டுவது ஒரு தீர்வு. லாக்டிக் அமிலத்துக்கு எல், டி என ஆடிப்பிம்ப வடிவங்கள் இரண்டு உண்டு. எல் சங்கிலியில் டி அலகுகள் கலக்கக் கலக்க ஒழுங்கு குலைந்து உருகுநிலை தாழ்கிறது. மாறாக, முழு எல் சங்கிலியும் முழு டி சங்கிலியும் இணையும்போது நெருக்கமான படிகம் உருவாகிறது. சப்பானிய அறிஞர் இகாடாவின் குழுவினர் 1987இல் அறிவித்த இவ்விணைப்படிகம் ஏறத்தாழ 230 டிகிரியில்தான் உருகும். ஆனால் செறிந்த படிகத்துள் நீர் எளிதில் நுழையாது. வெப்பம் தாங்கும் திறன் உயர உயர, மக்கும் வேகம் குறைகிறது.

உரமாகும் நெகிழிக்கான தரச்சோதனை 58 டிகிரியை ஒட்டி நடத்தப்படுகிறது. சங்கிலிகள் அசையத் தொடங்கும் எல்லை அதுவே. நன்கு பராமரிக்கப்படும் உரக்குவியல் அவ்வெப்பத்தை ஈரத்துடன் தரும். மதுரைச் சமவெளியில் இவ்விரண்டும் ஒருங்கே வாய்ப்பதில்லை. சித்திரை, வைகாசியில் காற்றின் வெப்பமே 40 டிகிரியை எட்டும், வெற்றுநிலத்தின் மேற்பரப்பு அதனினும் சூடாகும், மண்ணிலோ ஈரமில்லை. ஐப்பசியில் ஈரம் வரும்போது வெப்பம் தணிந்துவிடுகிறது. ஆகவே, சான்றிதழ் பெற்ற குவளையும் கண்மாய்க் கரையில் நெடுங்காலம் குவளையாகவே கிடக்கலாம்.

பைகளில் பயன்படும் பாலிபியூட்டிலீன் அடிப்பேட் டெரிப்தாலேட்டின் நிலை வேறு. நெகிழ்வான அடிப்பேட் பகுதிகளால் இதன் நிலைமாற்றம் சுமார் மைனஸ் 30 டிகிரிக்குச் சென்றுவிடுகிறது. பென்சீன் வளையம் கொண்ட டெரிப்தாலேட் பகுதிகள் உருகுநிலையை 115 டிகிரியளவில் நிறுத்துகின்றன. சங்கிலிகள் அறைவெப்பத்திலேயே அசைவதால் நுண்ணுயிர் நொதிகளுக்கு இடம் கிடைக்கிறது. எனினும் வளையப் பகுதி மிகுந்தால் மக்குதல் தளர்கிறது.

இந்நெகிழிகள் பாலிஎத்திலீன் கழிவுடன் கலந்து சல்லிக் கலவைக்குச் செல்வதும் கருதத்தக்கது. ஈரமுள்ள எஸ்டர் சங்கிலி 170 டிகிரியில் அறுபடும்; ஆலைகளில் பாலிலாக்டிக் அமிலத்தை உலர்த்திய பிறகே உருக்குவது இதனாலேயாம். எனவே இரண்டையும் குப்பை சேகரிக்கும் வாயிலிலேயே பிரித்தல் வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுவதால் பிரிப்பவரின் பணி எளிதன்று.