பாட்டு காதுக்கு மட்டும்தானா?

"காதே கேட்காத குழந்தையைக் கச்சேரிக்கு அழைச்சுண்டு போய் என்ன பண்ணப் போறே? பாட்டிகிட்டே விட்டுட்டு வா!" அப்படி ஒரு குழந்தை உள்ள வீட்டில் இந்தப் பேச்சு அடிபடாமல் இராது. சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்தக் கரிசனத்திலேயே கல்யாணம், கோயில் உற்சவம், கொலு என்று ஒவ்வொரு வாசலாக அந்தக் குழந்தைக்குச் சாத்தப்படுகிறதே, அதை யோசித்தோமா?

ஒலி என்பது அதிர்வு. காது உணராததை உள்ளங்கையும் நெஞ்சுக்கூடும் பாதமும் உணரும். ஸ்காட்லாந்தில் பிறந்த ஈவ்லின் கிளெனி என்ற பெண்மணிக்கு 12 வயதுக்குள் செவிப்புலன் பெரும்பாலும் போய்விட்டது. அவரோ தாளவாத்தியமே தொழிலாகக் கொண்டு உலகப் புகழ் பெற்றார். அதிர்வை உணர வெறுங்காலோடு நின்று வாசிப்பார். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் வாசித்தவர் அவர்தான்.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் திருமுல்லைவாயிலில், மாசிலாமணீஸ்வரர் கோயில் புறப்பாட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தெரிந்தவர் பெண், ஆறு வயது, பிறவியிலேயே காது கேளாது. தவில் முழங்கியபோது தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். "அம்மா, இங்கே!" என்பதுபோல் ஒரு ஜாடை. தவில்காரர் கவனித்துவிட்டார். ஓய்ந்த நேரத்தில் அருகே கூப்பிட்டு, தவிலின் மரக்கட்டையில் அவள் உள்ளங்கையை வைக்கச் சொல்லி நாலு தட்டுத் தட்டினார். அந்தச் சிரிப்பை என்னால் எழுதிக் காட்ட முடியாது. அதே குழந்தையை அதற்கு முந்தின மாதம் ஒரு கல்யாண மெல்லிசைக்கு அழைத்துப் போகாமல் விட்டிருந்தார்கள்!

அதிர்வு மட்டும் போதுமா என்றால், போதாது. பாட்டில் சொல் இருக்கிறதே. வெளிநாட்டுக் கச்சேரிகளில் மேடையோரம் ஒருவர் நின்று, பாட்டின் பொருளையும் தாளத்தையும் சைகை மொழியில் உடம்பெல்லாம் அசையக் காட்டுகிறார். 2023-ல் அமெரிக்காவில் ரிஹானாவின் நிகழ்ச்சியில் அப்படிக் காட்டிய ஜஸ்டினா மைல்ஸ் தாமே காது கேளாதவர். நம் ஊரில் 'மொழி' படம் (2007) பார்த்திருப்பீர்கள். வாத்தியக்காரக் கதாநாயகன், காது கேளாத கதாநாயகி. பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். ஆனால் நம் சபாக்களில் சைகைக்கு ஒருவரை நிறுத்துவது இன்னும் அபூர்வம்தான். மற்றவர்களுக்குச் சமமாகக் கலை, பொழுதுபோக்குகளில் பங்கேற்கும் உரிமையை மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2016-லேயே கொடுத்துவிட்டது. ஏட்டில் இருக்கிறது!

சபாக்காரர்கள் செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டாம். பாட்டின் வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதி முன்னாலேயே கொடுங்கள். படிக்கத் தெரியாத குழந்தையானால் கதையை ஜாடையில் சொல்லி வையுங்கள். பாடுபவர் முகமும் மிருதங்கக்காரர் விரலும் தெரிகிற இடத்தில் உட்காருங்கள். ஊதிய பலூன் ஒன்றைக் கையில் கொடுத்தால் அதிர்வு அதில் நன்றாகத் தெரியும். காசு செலவில்லாத உபாயம்.

ஒரு எச்சரிக்கை. 'இதற்குத்தான் கேட்காதே' என்று ஸ்பீக்கர் பெட்டிக்கு அருகில் உட்கார வைத்துவிடாதீர்கள். காது கேளாதவர் பலருக்கும் கொஞ்சம் கேட்கும் சக்தி மிச்சம் இருக்கும். பேரிரைச்சல் அதையும் கெடுக்கும். கைக்குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

ஹியரிங் எய்ட் போட்ட குழந்தைக்குக் கூட்டத்தில் எல்லாச் சத்தமும் கலந்து குழம்பும், தலைவலிக்கும். அரைமணிக்கு ஒருதரம் வெளியே அழைத்துப்போய்க் காற்றாட உட்கார வையுங்கள். பையில் பிஸ்கட்டோடு மாற்று பாட்டரியும் இருக்கட்டும்.