மூக்கை மாற்றினால் மனசு மாறுமா? அழகு சிகிச்சைக்கு முன் யோசிக்க வேண்டியவை

வீடியோ மீட்டிங்கில் யார் பேசினாலும், நம்ம கண் போவது நம்ம முகம் தெரியும் அந்தச் சின்னக் கட்டத்துக்குத்தான். நெத்தி ஏறுதா? மூக்கு பெருசா இருக்கா? மீட்டிங் முடிந்ததும் கூகுளில் தேடுவது 'ஹேர் டிரான்ஸ்பிளான்ட் இஎம்ஐ'. சிகிச்சை முடிந்த பிறகும் மனசு அப்படியே இருந்தால்?

தோற்றக் கவலைக்கும் மனச்சோர்வுக்கும் என்ன தொடர்பு?

கடுமையான முகப்பரு, முடி உதிர்வு, வெண்புள்ளி உள்ளவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுகிறது. "இதுக்கெல்லாமா கவலைப்படுவாங்க?" என்று ஒதுக்க முடியாது. மறுபக்கம், மனச்சோர்வில் இருப்பவருக்குத் தன் முகமே பிடிக்காமல் போகலாம்.

இவை தவிர 'பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர்' என்ற மனநலப் பிரச்னையும் உண்டு. மற்றவர் கவனிக்கவே செய்யாத ஒரு குறை, ஒருவரை மணிக்கணக்கில் கண்ணாடி முன் நிறுத்தும். இது செல்ஃபி காலத்து நோய் அல்ல. இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி 1891-லேயே இதை விவரித்திருக்கிறார். 100 பேரில் சுமார் 2 பேருக்கு இது இருக்கலாம் என்பது பொதுவான கணிப்பு. அழகு சிகிச்சை நாடி வருபவர்களிடம் இன்னும் அதிகம்.

சிகிச்சை செய்தால் சரியாகிவிடாதா?

எதிர்பார்ப்பு நிதானமாக இருப்பவர்களில் பலர் திருப்தி அடைகிறார்கள். ஆனால் இந்தப் பிரச்னை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் நிம்மதி கிடைப்பதில்லை. கவலை மூக்கிலிருந்து தாடைக்கு இடம் மாறும். அல்லது "முன்னாடியே நல்லா இருந்துச்சே" என்று தொடங்கும். இவர்களுக்கு உதவுவது சிபிடி எனும் உளவியல் சிகிச்சையும், மனநல மருத்துவர் தரும் மருந்துகளும்தான்.

செல்ஃபியை நம்பலாமா?

வேண்டாம். 12 அங்குல தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது.

மாத்திரைகளில் கவனம் தேவையா?

தேவை. முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டரைடு மாத்திரையின் பக்கவிளைவாகத் தற்கொலை எண்ணம் வரலாம் என்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் உறுதி செய்தது. எல்லோருக்கும் வராது. ஆனால் மனநிலை மாறினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே மனச்சோர்வு இருந்திருந்தால், மாத்திரை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

முன்பணம் கட்டும் முன்...

இந்தக் குறை மற்றவர் கண்ணுக்கும் தெரிகிறதா? இதைப் பற்றிய யோசனை தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா? இதனால் ஆபீஸ், கல்யாண வீடு, போட்டோ எல்லாவற்றையும் தவிர்க்கிறீர்களா? மூக்கு மாறினால் வேலை, காதல், வாழ்க்கை எல்லாமே மாறிடும் என்று தோன்றுகிறதா?

முதல் கேள்விக்கு 'இல்லை', மற்றவற்றுக்கு 'ஆமாம்' என்றால், முதல் அப்பாயின்ட்மென்ட் மனநல நிபுணரிடம் இருக்கட்டும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். மூக்கைப் பற்றி அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.