காசு நம்முடையது, படம்?

வணிகப் பெருமக்களே! புத்தாண்டு பிறந்தால் வாடிக்கையாளர்களுக்குக் காலண்டர் கொடுப்பது நம் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மண்டிக் காலண்டருக்குப் புகைப்படக்காரர் ஒருவரை அழைத்தோம். மஞ்சள், வற்றல், துவரம்பருப்பு மூன்றையும் முறங்களில் பரப்பி, காலை வெயில் சாயும்வரை காத்திருந்து எடுத்தார். கடைப் பெயருக்கென்று மேலே இடமும் விட்டிருந்தார்.

நாங்கள் என்ன செய்தோம்? அந்த இடத்தில் சாமி படத்தை வைத்தோம். கடைப் பெயரைச் சிவப்பு எழுத்தில் வற்றலின்மேல் போட்டோம். பருப்பின்மேல் நான்கு தொலைபேசி எண்கள். "பளிச்சென்று இருக்கட்டும்" என்று அச்சகத்தாரிடம் சொன்னதில் மஞ்சள் ஆரஞ்சாகிவிட்டது.

பார்த்த அவர், "இதில் என் பெயரைப் போட்டிருக்க வேண்டாமே, அண்ணாச்சி" என்றார். சுருக்கென்று தைத்தது. நாம் கொடுத்த நல்ல சரக்கில் கலப்படம் செய்து, நம் பெயரிலேயே ஒருவர் விற்றால் பொறுப்போமா? நஷ்டம் நமக்கும்தான், கடைப் பெயரையே படிக்க முடியவில்லை.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை நமக்கே. ஆனால் எடுத்தவரின் நற்பெயர் கெடும்படி அதைச் சிதைத்தால், தடுக்கவும் நஷ்டஈடு கேட்கவும் 57ஆம் பிரிவு அவருக்கு இடமளிக்கிறது.

ஆகவே, என்னென்ன எழுத்து, எந்த இடத்தில் என்பதைப் படம் எடுக்கும் முன்பே சொல்லிவிடுவோம். அச்சேறுமுன் மாதிரித் தாளை அவரிடம் காட்டுவோம். இப்போது எங்கள் மண்டியில் அதுதான் நடைமுறை. பெயர் போட அவரும் சம்மதித்துவிட்டார்.