கட்டிங் பிளேயருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் இடையே அமைந்துள்ள சேக்காடு, 1961இல் தொடங்கப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையும் 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வளர்த்தெடுத்த மேற்குப் புறநகரைச் சேர்ந்தது. ஐடிஐயில் இரண்டாண்டு எலக்ட்ரீசியன் பயிற்சி முடித்தவர்களும், மூத்த ஒயர்மேனிடம் உதவியாளாகச் சேர்ந்து தொழில் கற்றவர்களும் ஆலைப் பராமரிப்பிலும் வீட்டு ஒயரிங்கிலும் பிழைப்பு நடத்தும் வட்டாரம் இது. இத்தொழிலாளர்களில் பெரும்பாலோர் பையில் இருப்பவை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தியக் கருவிகளே. ஜெர்மனியில் செய்யப்பட்ட ஒரு கட்டிங் பிளேயரோ ஏறத்தாழ பத்து மடங்கு விலைக்கு விற்கிறது. அந்த விலை தகுமா என்னும் கேள்விக்கு, கருவி எந்த நாட்டில் பிறந்தது என்பதைவிட, அது தவறினால் அந்தத் தவறு எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று பார்ப்பதே சரியான விடையைத் தரும்.

எஃகுக்கான விலை

ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் 1882இல் தொடங்கப்பட்ட க்னிபெக்ஸ் போன்ற நிறுவனங்களின் பிளேயர்களில், வெட்டும் முனையை மட்டும் மின்தூண்டலால் சூடாக்கி உடனே குளிர்விக்கும் முறை கையாளப்படுகிறது. இதனால் முனை மிகவும் கடினமாகவும், உடற்பகுதி உடையாத உறுதியோடும் அமைகிறது. இரு தாடைகளையும் இணைக்கும் ஆணி வெட்டுமுனைக்கு அருகில் வைக்கப்படும் வகைகளில் நெம்புவிசை கூடுவதால், நாள் முழுவதும் கேபிள் நறுக்குபவரின் மணிக்கட்டுக்குச் சுமை குறைகிறது. தொழிற்சாலையில் பேனல் போர்டு கட்டுபவருக்கு இது உண்மையான பயன். வீடுகளில் சுவிட்சும் மின்விசிறியும் மாட்டுபவருக்கு இதே பயன் சிறிதளவே கிடைக்கும்.

உள்நாட்டுக் கருவி என்றாலே மட்டம் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. தபாரியா நிறுவனம் 1969இல் சுவீடன் நிறுவனமொன்றின் தொழில்நுட்பக் கூட்டுறவோடு கைக்கருவிகளைச் செய்யத் தொடங்கியது. பஞ்சாபின் ஜலந்தரும் லூதியானாவும் வெளிநாடுகளுக்கே கைக்கருவிகளை ஏற்றுமதி செய்யும் ஊர்கள். செம்புக் கம்பியை நறுக்கவும் முறுக்கவும் நல்ல இந்தியப் பிளேயர் போதும். வேலையிடத்தில் கைமாறியும் காணாமற்போயும் விடக்கூடிய சுத்தியல், உளி, ஹேக்ஸா போன்றவற்றிற்கு இறக்குமதி விலை கொடுப்பதில் பொருளே இல்லை.

உறையும் காப்பும் ஒன்றல்ல

பிளேயரின் கைப்பிடியில் வண்ணப் பிளாஸ்டிக் உறை இருந்தால் ஷாக் அடிக்காது என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. இது ஆபத்தான நம்பிக்கை. பல மலிவுக் கருவிகளில் அந்த உறை வெறும் பிடிமானத்துக்காகச் செருகப்பட்டது. மின்னோட்டமுள்ள இடத்தில் பயன்படும் கைக்கருவிகளுக்கென ஐ.இ.சி. 60900 என்னும் பன்னாட்டுத் தரம் இருக்கிறது. இந்தத் தரத்தின்படி செய்யப்படும் ஒவ்வொரு கருவியும், 1,000 வோல்ட் மாறுமின்னோட்டம் வரையிலான பயன்பாட்டுக்கென்று விற்கப்படுமுன், 10,000 வோல்ட்டில் சோதிக்கப்படுகிறது. இவை தவிர, குளிரில் அடிபட்டால் உறை உடைகிறதா, தீப்பற்றினால் பரவுகிறதா, உலோகத்திலிருந்து உரிந்து வருகிறதா என்பவையும் மாதிரிக் கருவிகளைக் கொண்டு ஆராயப்படுகின்றன. தேறிய கருவியில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரட்டை முக்கோணக் குறியும், 1000 V என்ற எழுத்தும், செய்யப்பட்ட ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தாலே தசைகள் இறுகிப் பிடித்த கம்பியை விடமுடியாமற்போகக்கூடும். சித்திரை வெயிலில் வியர்வையால் நனைந்த தோலின் மின்தடையோ வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே சான்று பெற்ற திருப்புளியும் பிளேயரும் மின்பணியாளர் பணம் செலவிட வேண்டிய முதல் இடம். இக்குறி இருந்தால் அது எந்த நாட்டுக் கருவியானாலும் வாங்கலாம். உறையில் வெடிப்பு விழுந்துவிட்டால் எவ்வளவு விலை கொடுத்ததானாலும் தூக்கி எறிய வேண்டியதுதான். மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகே கைவைப்பது என்ற ஒழுங்குக்கு எந்தக் கருவியும் மாற்றாகாது.

அந்தச் சோதனைக்குச் சட்டைப்பையில் இருக்கும் நியான் டெஸ்டரை மட்டும் நம்புவது போதாது. அதன் மின்சுற்று, பிடித்திருப்பவரின் உடல்வழியாகவே நிறைவடைவதால், நன்கு காப்பிடப்பட்ட தளத்தில் நிற்கும்போதோ வெயில் வெளிச்சத்திலோ மின்சாரம் இருந்தும் விளக்கு எரியாததுபோல் தோன்றலாம். இரு முனைகளையும் லைனிலும் நியூட்ரலிலும் வைத்துப் பார்க்கும் இருமுனை டெஸ்டருக்கு உடலின் துணை தேவையில்லை. மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த இடத்தில் அதை முன்னும் பின்னும் ஒருமுறை சோதித்துக்கொண்டால், டெஸ்டரே பழுதாகியிருக்குமோ என்ற ஐயமும் தீரும்.

சுவருக்குள் ஒளியும் பிழைகள்

மழுங்கிய பிளேயர் தன் குறையை உடனே காட்டிவிடும். கம்பி அறுபடாது, அவ்வளவே. தவறான கருவியால் விளையும் வேறு சில பிழைகள், வீட்டுக்காரர் குடிபுகுந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே தெரியவரும். வீடுகளில் விளக்குப் புள்ளிகளுக்கு இழுக்கப்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில், பொதுவாக 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள 22 மெல்லிய செம்பு இழைகள் இருக்கும். பிளேயரின் வாயாலோ பல்லாலோ உறையைச் சீவும்போது நான்கு இழைகள் அறுந்தால், அந்த இடத்தில் கம்பியின் குறுக்களவில் ஏறத்தாழ 18 சதவீதம் போய்விடுகிறது. உறையை மட்டும் வெட்டும்படி அளவு வைக்கக்கூடிய ஒயர் ஸ்டிரிப்பர் இந்த இழப்பைத் தடுக்கிறது.

கிரிம்பிங் டூலும் இத்தகையதே. கம்பியின் முனையில் லக் என்னும் உலோகக் காதை அழுத்திப் பொருத்தும் இக்கருவியில், ராட்செட் அமைப்புள்ள வகை, தேவையான அழுத்தம் முழுதும் கிடைக்கும்வரை வாயைத் திறக்காது. சாதாரண வகையில் அழுத்தத்தின் அளவு அன்றைக்குக் கையில் எஞ்சியிருக்கும் வலுவைப் பொறுத்தது. மின்சுற்றைத் தானாகத் துண்டிக்கும் எம்.சி.பி.யின் திருகுகளில் பல, சாதாரண நட்சத்திரத் திருப்புளியிலிருந்து சற்றே வேறுபட்ட போசிடிரைவ் வடிவுக்கேற்ற தலை கொண்டவை. பொருந்தாத முனையால் திருகினால் அது வழுக்கித் தலையைத் தேய்த்துவிடுவதால், இணைப்பு முழுதும் இறுகுவதில்லை. தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடுகிறது, தடை கூடிய இடம் சூடாகிறது, சூடு தளர்வை மேலும் கூட்டுகிறது. கருகிய டி.பி. என்னும் மின்பகிர்வுப் பெட்டிகள் பலவற்றின் கதை இதுதான்.

எனவே குறைந்த வருமானமுள்ள மின்பணியாளர் சான்று பெற்ற திருப்புளித் தொகுதியும் பிளேயரும், இருமுனை டெஸ்டர், ஸ்டிரிப்பர், ராட்செட் கிரிம்பிங் டூல் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக வாங்குவது நலம். இறக்குமதிப் பிளேயர் கடைசியாக வந்தால் போதும். புகழ்பெற்ற பெயர்களில் போலிகளும் உலவுவதால், வழக்கமான விலையில் பாதிக்குக் கிடைக்கும் கருவியை விட்டுவிட்டு அங்கீகரிக்கப்பட்ட முகவரிடம் ரசீதோடு வாங்க வேண்டும்.

இந்தச் செலவு முழுவதையும் தினக்கூலி பெறுபவரின் தோளில் ஏற்றுவது நியாயமாகாது. ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரர் பாதுகாப்புக் கருவிகளைத் தாமே வாங்கித் தருவது அவருடைய கடமை. ஒயரிங்குக்கு ஒரு புள்ளிக்கு எவ்வளவு என்று பேரம் பேசும் வீட்டுக்காரரும், தம் குடும்பம் முப்பது ஆண்டுகள் தூங்கப்போகும் சுவருக்குள் செல்லும் இணைப்புகள் எந்தக் கருவியால் போடப்படுகின்றன என்று கேட்டறிந்து, அதற்குரிய கூலியைத் தர முன்வர வேண்டும்.