ஆண்டுக் கணக்கில் விடுபட்ட குரல்கள்

மார்கழி பிறந்துவிட்டால் பத்திரிகைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவ்வாண்டில் காலஞ்சென்ற இசைவாணர்களின் பெயர்களை வரிசைப்படுத்தி, தலைக்கு நான்கு வரி எழுதி, அனுதாபம் தெரிவித்துவிட்டுப் புத்தாண்டு வாழ்த்துக்குப் போய்விடுவார்கள். மாண்டவர் சபா வித்வானானால் அவருடைய குருபரம்பரை முழுவதும் அச்சேறும். பாமர ஜனங்கள் கேட்டு மகிழ்ந்த பாடகரானால், அவர் பாடிய சினிமாப் பாட்டுக்களின் தொகையும் பெற்ற பட்டமும் அச்சேறும். அதோடு தீர்ந்தது. அவர் எதற்காகப் பாடினார், எவரை எதிர்த்துப் பாடினார், அதனால் எதை இழந்தார் என்பதைப் பற்றி எவருக்கும் கவலையில்லை. இது சரியான கணக்காகுமா? நடந்த ஆண்டின் கணக்கை எழுத உட்காருமுன், பழைய ஆண்டொன்றின் ஏட்டைப் புரட்டிப் பார்க்கும்படி தேசபக்த அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம்.

1980-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஜூலை 31-ந் தேதி பம்பாயில் முகம்மது ரபி காலமானார். டிசம்பர் 8-ந் தேதி நியூயார்க் நகரில், தமது வீட்டு வாசலிலேயே, ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். இவ்விருவரின் மறைவுக்கும் இடையில், செப்டம்பர் மாதத்தில், நம் கொங்கு நாட்டுக் கொடுமுடியில் பிறந்த ஸ்ரீமதி கே.பி. சுந்தராம்பாள் தமது 72-ஆம் வயதில் கண் மூடினார். மூவருடைய சங்கீதமும் வெவ்வேறு. ஆயினும் மூவரும் பொதுஜனங்களின் பாடகர்கள். மூவரும் பொதுக் காரியத்துக்காகக் குரல் கொடுத்தவர்கள். 1948-ல் மகாத்மா மறைந்தபோது அவருடைய சரித்திரத்தைப் பாட்டாகப் பாடி வட இந்தியாவை அழவைத்தவர் ரபி. வியட்நாம் யுத்தத்தை எதிர்த்துப் பாடியவர் லெனன். அதற்காக அமெரிக்க சர்க்கார் அவரை நாட்டை விட்டு வெளியேற்ற ஆனமட்டும் முயன்று தோற்றது. டிசம்பர் 14-ந் தேதி உலகெங்கும் அவருடைய அன்பர்கள் பத்து நிமிஷம் மௌனம் அனுஷ்டித்தார்கள். ஒரு பாட்டுக்காரனைக் கண்டு வல்லரசொன்று நடுங்கியது என்பதை அந்நாட்டார் மறக்கவில்லை.

நம்மவர் சுந்தராம்பாளை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறோம்? 1953-ல் வெளிவந்த ‘ஔவையார்’ படத்துக் கிழவியாக, முருகன் பாட்டுக்காரராக, 1970-ல் பத்மஸ்ரீ பெற்றவராக. இவையெல்லாம் மெய்தான். ஆனால் இது பாதிக் கணக்கு. மற்றப் பாதி காங்கிரஸ் மேடையில் இருக்கிறது.

வறுமையிற் பிறந்த அப்பெண் ரயில் வண்டியில் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு, திருச்சியில் ரயில்வே உத்தியோகஸ்தராயிருந்த நாடக அபிமானி எப்.ஜி. நடேச ஐயர் வியந்து, நாடக உலகுக்கு அழைத்துச் சென்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ரயில் என்றதும் போத்தனூர்வாசிகளுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். 1921 நவம்பரில், திரூரிலிருந்து மாப்பிள்ளைக் கைதிகளை அடைத்து வந்த சாமான் வண்டியின் கதவு நம் ஸ்டேஷனில்தான் திறக்கப்பட்டது. காற்றின்றித் திணறி மாண்டவர் 60-க்கு மேற்பட்டவர்கள். அதே தண்டவாளத்தின்மீதுதான் திரைச்சீலையும் ஆர்மோனியப் பெட்டியுமாக நாடகக் கம்பெனிகளும் ஊர் ஊராய்ப் போய் வந்தன. பத்திரிகை படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு அந்நியர் ஆட்சியின் கொடுமையை எடுத்துச் சொன்னவர்கள் அந்த நாடகக்காரர்களே.

ஒலிபெருக்கி பரவாத காலம் அது. பிரசங்கியின் பேச்சு பத்தாவது வரிசையோடு நின்றுவிடும். சுந்தராம்பாளின் குரலோ கொட்டகைக்கு வெளியே நிற்பவனையும் எட்டும். ஸ்ரீ சத்தியமூர்த்தி இதை நன்கறிந்தவர். கூத்தாடிகளைக் காங்கிரஸ் மேடையில் ஏற்றுவதா என்று முகம் சுளித்த கதர்ச்சட்டைக்காரர்களும் இருந்தார்கள்; அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பாட்டைக் கேட்க வந்த கூட்டம் பேச்சையும் கேட்டுப் போயிற்று. பிற்காலத்தில் வெற்றி விழாக்களில் மாலை சூட்டிக்கொண்ட பல பிரசங்கிகள் அந்தக் கூட்டத்தைத் தாங்களே சேர்த்ததாக எண்ணிக்கொண்டது வேடிக்கைதான்.

இலங்கை நாடக மேடையில் சந்தித்து வாழ்க்கைத் துணையாய்க் கொண்ட செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பர் 2-ந் தேதி மறைந்தார். அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25. அன்றுமுதல் வெள்ளுடை உடுத்தார். எந்த ஆடவனோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்டார். துறந்து ஒதுங்கியவரைக் கலையாலே தேச சேவை செய்யும்படி காந்தியடிகள் ஊக்கினார் என்பர். 1935-ல் ‘பக்த நந்தனார்’ படத்தில் தாமே நந்தனாராக ஆண்வேடம் பூண்டு நடித்தார். விரதத்துக்கும் பங்கமில்லை. அதற்கு அவர் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் அந்நாளில் ஊரெல்லாம் பேச்சாயிற்று. தீண்டாமைக் கொடுமையைச் சொல்லும் கதையை அவர் தேர்ந்தெடுத்தாரே, அதைப் பேசினவர் சிலர்தாம். கொடுமுடியில் மகாத்மாவுக்குத் தங்கத் தட்டில் அன்னமிட்டதும், அவர் சிரித்துக்கொண்டே தட்டையும் கேட்க, தயங்காமல் கொடுத்ததும், அது ஏலத்தில் விலைபோய்ப் பொதுநிதிக்குச் சேர்ந்ததும் இங்கே வீட்டுக்கு வீடு அறிந்த கதை. பின்னர் அவர் சட்ட மேலவையிலும் உறுப்பினராக அமர்ந்தார். இந்தியாவில் சினிமா உலகிலிருந்து சட்டமன்றம் புகுந்தவர்களில் முதல்வர் அவரே என்பர்.

சுந்தராம்பாளுக்காவது பாதிக் கணக்கு உண்டு. சிவகாசியிற் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாத தாஸுக்கு அதுவும் இல்லை. நாவிதர் குலத்தவர் என்று அவரோடு மேடையேற மறுத்த நடிகைகள் இருந்தார்கள். மேடையேறினாலோ போலீசார் காத்திருந்தார்கள். வள்ளி திருமணத்தில் தினைப்புனக் காட்சி வந்தால் கிளியை ஓட்டுவது வழக்கம். அவருடைய நாடகத்திலோ வெள்ளைக் கொக்கை ஓட்டுவார்கள். எந்தக் கொக்கு என்று கொட்டகையில் இருந்த குழந்தைக்கும் தெரியும். எழுதிக்கொள்ள வந்த போலீஸ்காரனுக்கும் தெரியும். அதற்காகப் பன்முறை சிறை சென்றார். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய அத்தகைய பாட்டுக்களை ஜனங்கள் வயலிலும் வண்டிப்பாட்டையிலும் பாடினார்கள். 1940 டிசம்பர் 31-ந் தேதி இரவு, சென்னையில், முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே தாஸின் உயிர் பிரிந்தது. ஆண்டின் கடைசி இரவு! முந்திய ஆண்டின் பட்டியல் அதற்குள் எழுதி முடிந்திருக்கும். அடுத்த ஆண்டின் பட்டியலுக்கு அவர் உரியவரல்லர்.

இப்போது நடந்த ஆண்டுக்கு வருவோம். சினிமாப் பாடகர்களின் பெயர்களைப் பட்டணத்துப் பத்திரிகைகள் விடப்போவதில்லை. நம் நாட்டுப்புறத்தை யார் எழுதுவார்கள்? பொன்னர் சங்கரின் அண்ணன்மார் கதையை உடுக்கடித்து இரவிரவாய்ப் பாடும் கலைஞர்கள் கொங்கு நாட்டின் தனிச்செல்வம். காங்கயம் பக்கத்துக் கிராமமொன்றில் தங்கி, 1965-ல் அக்கதையை ஒலிநாடாவில் பதிந்துகொண்டு போனவர் பிரெண்டா பெக் என்ற அயல்நாட்டுப் பெண்மணி. 1992-ல் அது புத்தகமாகவும் சென்னையில் வெளிவந்தது. கடல் கடந்து வந்த ஒருவருக்கு அந்தக் குரலின் மதிப்புத் தெரிந்தது. ஊர்ச் சாவடியிலே உட்கார்ந்து விடிய விடியக் கேட்ட நாம் அந்த உடுக்கைக்காரர் இறந்த தேதியைக் கூடக் குறித்து வைப்பதில்லை.

தைப் பொங்கலுக்குள் ஒவ்வொரு ஊர் வாசகசாலையும் ஒரு காரியம் செய்யட்டும். அவ்வூரில் இவ்வாண்டு மறைந்த உடுக்கைக்காரர், பறையடிப்பவர், நாதஸ்வரக்காரர், கும்மிப் பாட்டு வாத்தியார், நாடக ஆர்மோனியக்காரர் ஆகியோரின் பெயர், தேதி, அவர் பாடிய கதை, எந்த ஊர்த் திருவிழாவில் கடைசியாகப் பாடினார் என்னும் விவரங்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். எழுதத் தெரிந்தவர்கள் விசாரிக்கப் புறப்படும்போது அவர் வீட்டுப் பெண்களையும் கேட்கவேண்டும். ஆண்கள் மறந்த பாட்டு பெரும்பாலும் அவர்களிடந்தான் இருக்கும்.